தப்பிசைக் கலைஞரை எண்ணெய் வர்ணத்தில் தீட்டும்போது: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

மாசி மாதக் காமன் கூத்தில் (காமன், ரதி கதையைச் சொல்லும் மலையகத் தமிழரின் சடங்குக் கூத்து) தப்பு எனும் தோற்பறையை அடிக்கும் கலைஞரை, செஞ்சிவப்பும் ஊதாவும் கடும் மஞ்சளும் கலந்த தடித்த தூரிகைக் கோடுகளால் தீட்ட முற்படுபவருக்கு நேரும் கோளாறுகள் பெரும்பாலும் இரண்டு காரணங்களால் வருகின்றன. ஒரு நிறம் பக்கத்து நிறத்தால் எப்படி மாறித் தெரிகிறது என்பதைக் கணிக்காமல் விடுவது ஒன்று. இலங்கை மலைநாட்டுக் குளிரும் மூடுபனியும் ஈரமும் எண்ணெய் வர்ணத்தை என்ன செய்கின்றன என்பதைக் கவனிக்காமல் விடுவது மற்றொன்று. இவ்விரண்டில் எதுவாயினும், கோளாறு கண்ணில் பட்டவுடன் அதன்மேல் இன்னும் கொஞ்சம் வர்ணம் பூசுவதே பலரும் செய்யும் முதற் காரியமாகும். எளிதில் தீர்ந்திருக்கக்கூடிய குறை தீராத குறையாக மாறுவது அந்த இடத்தில்தான்.

ஆகவே தூரிகையைக் கீழே வைத்துவிட்டு மூன்று சோதனைகளைச் செய்யவும். ஓவியத்தைப் பகல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, 10 அடி தள்ளி நின்று பாருங்கள். கைபேசியில் படமெடுத்து, அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். ஓரத்தில் விரல் நுனியை மெதுவாக வைத்து, வர்ணம் ஈரமாக உள்ளதா, பிசுபிசுப்பாக உள்ளதா, காய்ந்துவிட்டதா என்று அறியுங்கள். அதன்பின் கீழே உங்களுக்குரிய அறிகுறியைத் தேடலாம்.

அறிகுறி: நிறங்கள் கலந்து சேறாகிவிட்டன

இது பெரும்பாலும் முகத்திலும் தப்பைப் பிடித்திருக்கும் முன்கையிலும் தோன்றும். மனம் நிறைவடையாமல் நாம் திரும்பத் திரும்பத் தொடும் இடங்கள் அவை. ஈர வர்ணத்தின்மேல் ஈர வர்ணம் பூசும்போது ஒன்றுக்கொன்று எதிரான நிறங்கள், அதாவது சிவப்பும் பச்சையும், நீலமும் செம்மஞ்சளும், மஞ்சளும் ஊதாவும், ஒன்றையொன்று அழித்துச் சாம்பலும் பழுப்புமாகின்றன. நான்கைந்து டியூப்களிலிருந்து எடுத்துக் கலந்தாலும் இதே நிலைதான்.

பூசிய பகுதியை வர்ணக் கத்தியால் வழித்தெடுத்து, பழைய பருத்தித் துணியால் துடைத்துவிடவும். கீழே மங்கலான சாயம் எஞ்சியிருந்தால் அது அடிப்படையாகப் பயன்படும். மீண்டும் பூசும்போது ஒரு கலவைக்கு வெள்ளை நீங்கலாக இரண்டு நிறங்கள், மிஞ்சினால் மூன்று போதும். வெம்மை நிறங்களுக்கு ஒரு தூரிகையும் குளிர் நிறங்களுக்கு வேறொரு தூரிகையும் வைத்துக்கொண்டு, ஒரு கோட்டை வைத்தபின் அதைத் தடவிச் சரிசெய்யாமல் அப்படியே விட்டுவிடப் பழக வேண்டும். இடையில் தூரிகையை மண்ணெண்ணெயில் கழுவும் வழக்கம் இருந்தால் அதைக் கைவிடுவது நல்லது. அது முழுமையாக ஆவியாகாமல் தூரிகையில் தங்கி, அடுத்த கோட்டைப் பிசுபிசுப்பாக்கிக் காயவிடாமலும் தடுக்கும். வர்ணத்தைக் கரைக்கும் டர்பன்டைன் கிடைக்காத ஊரில் துணியால் நன்றாகத் துடைத்து, சமையல் எண்ணெய் சிறிது தடவி மீண்டும் துடைத்து, கடைசியில் சவர்க்காரமிட்டுக் கழுவி உலர்த்தலாம்.

அறிகுறி: விலையுயர்ந்த, பளிச்சென்ற நிறங்களைப் பூசியும் ஓவியம் மந்தமாகத் தெரிகிறது

பாரிஸிலுள்ள கோப்ளின் நெசவாலையில் சாயப்பிரிவுக்குப் பொறுப்பாயிருந்த வேதியியலாளர் மிஷேல் ஷெவ்ரலிடம், கறுப்பு நூலின் சாயம் சோபையற்று இருப்பதாக முறைப்பாடு வந்தது. அவர் ஆராய்ந்தபோது சாயத்தில் குறையில்லை என்பதும், அக்கறுப்புக்குப் பக்கத்தில் நெய்யப்பட்ட நிறங்களே அதை அவ்வாறு காட்டின என்பதும் தெரிந்தன. 1839இல் அவர் வெளியிட்ட நிற முரண் விதி இதன் விளைவாகும். உங்கள் ஓவியத்திலும் நோய் பெரும்பாலும் பக்கத்து வீட்டில்தான் இருக்கும். கலைஞரின் தலைப்பாகை கடும் சிவப்பு, வேட்டிக்கரை கடும் மஞ்சள், பின்னாலுள்ள தேயிலை மலை கடும் பச்சை, வானம் கடும் நீலம் என எல்லாமே ஒரே குரலில் கத்தும்போது எதுவும் காதில் விழுவதில்லை.

எது முழங்க வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யவும். பிக்காசோ 1903, 1904 ஆண்டுகளில் தீட்டிய முதிய கித்தார் கலைஞரின் ஓவியம் இதற்கு நல்ல பாடமாகும். முதியவரின் மேனி, உடை, பின்புலம் எல்லாம் நீலத்தில் மூழ்கியிருக்க, கித்தாரின் உடல் மட்டும் பழுப்பாக இருக்கிறது. அந்தப் பழுப்பைத் தனியே எடுத்துப் பார்த்தால் மிகச் சாதாரணமான நிறம்தான். சுற்றியுள்ள நீலமே அதைச் சுடர வைக்கிறது. தப்பின் தோல் ஒளிர வேண்டுமானால், அந்த வெளிர் மஞ்சளைத் திரும்பத் திரும்பத் தடிமனாக அப்பாமல், பின்னாலுள்ள மலையின் பச்சையில் அதன் எதிர்நிறமான சிவப்பைச் சிறிது கலந்து அடக்கி, தொலைவுச் சரிவுகளை மூடுபனியின் நீலச்சாம்பலுக்குக் கொண்டுபோகவும். நம் மலைகள் இயல்பிலேயே அப்படித்தான் தெரிகின்றன என்பதால் இது இயற்கைக்கும் பொருந்தும்.

இதே அறிகுறிக்கு வேறொரு காரணமும் உண்டு. கறுப்பு வெள்ளைப் படத்தில் எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரிந்தால், நிறத்தில் குறையில்லை. வெளிச்சத்துக்கும் நிழலுக்குமான இடைவெளி போதவில்லை. மார்க் ஷகால் 1923, 1924 ஆண்டுகளில் தீட்டிய வயலின் கலைஞருக்கு முகம் பச்சை, மேலங்கி ஊதா. அந்த முகத்தை நாம் மறுப்பின்றி ஏற்பதற்கு, ஒளியும் இருளும் அதில் தத்தம் இடத்தில் இருப்பதே முக்கிய காரணம் என்பது என் கருத்து. ஒளியளவு சரியாக இருந்தால் நிறத்தில் எவ்வளவு துணிந்தாலும் தாங்கும். அது பிழைத்தால் மேனியின் இயல்பான நிறத்தைப் பூசினாலும் முகம் நிற்காது.

அறிகுறி: சிவப்பும் பச்சையும் சந்திக்கும் விளிம்பு கண்ணைக் கூசச் செய்கிறது

இரண்டும் எதிர்நிறங்களாகவும் ஒரே ஒளியளவு கொண்டவையாகவும் இருப்பதே இதற்குக் காரணம். ஒன்றைக் கருமையாக்கினாலோ வெளிறச் செய்தாலோ துடிப்பு அடங்கும். இரண்டுக்குமிடையே கருங்கோடு இடுவது இன்னொரு வழி; 1901இல் கண்டியில் பிறந்த ஜோர்ஜ் கீற்றின் ஓவியங்களில் உறுதியான கோடுகள் அடர்ந்த நிறங்களை எப்படிப் பிரித்துக் கட்டி நிறுத்துகின்றன என்பதைப் பார்த்தால் இது விளங்கும். ஆயினும் தப்பின் வளையத்தைச் சுற்றி மட்டும் சிறிதளவு துடிப்பை விட்டுவைக்கலாம் என்று நான் சொல்வேன்; அடி விழும் இடம் அதிர்வதில் தவறில்லை.

அறிகுறி: கலைஞரின் கறுத்த மேனி சாம்பல் பூத்ததுபோல் இருக்கிறது

வெயிலிலும் மழையிலும் உழைத்த கறுத்த மேனியைத் தீட்டும்போது, வெளிச்சம் பட்ட இடத்தைக் காட்ட வெள்ளையைக் கலப்பதால் இது நேருகிறது. டைட்டேனியம் வெள்ளை எந்த நிறத்தையும் வெளுக்கச் செய்வதோடு குளிர்ச்சியாகவும் ஆக்கிவிடும். பழுப்புடன் சேர்ந்தால் சுண்ணாம்பு படிந்த தோற்றம் வரும். நிழலுக்கு டியூப்பிலிருந்து நேராகக் கறுப்பை எடுப்பது இதன் மறுபக்கப் பிழை. மேனி கரிபிடித்த பாத்திரமாகிவிடும்.

நிழலிலிருந்து தொடங்கவும். பர்ன்ட் சியன்னா எனும் செம்பழுப்பும் அல்ட்ராமரின் நீலமும் சேர்ந்தால் ஆழமான கருமை கிடைக்கும். இரண்டின் அளவை மாற்றுவதன்மூலம் அதை வெம்மைக்கோ குளிர்ச்சிக்கோ நகர்த்தலாம். நடுநிறத்துக்குச் சியன்னாவில் சிவப்பைக் கூட்டலாம். வெளிச்சத்துக்கு முதலில் செம்மஞ்சளையும் மஞ்சட்காவியையும் பயன்படுத்தி, வெள்ளையை மூக்கு நுனி, நெற்றி மேடு, விரல் மூட்டு ஆகிய சில புள்ளிகளுக்கு மட்டும் ஒதுக்கவும். அதற்குமுன் அந்த வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்பதைத் தீர்மானிக்க வேண்டும். இரவுக் கூத்தில் தீப்பந்தமோ மின்குமிழோ ஒளி தருமானால், வெளிச்சம் செம்மஞ்சளாகவும் நிழல் நீல ஊதாவாகவும் அமையும். பகலில், முகில் மூடிய வானத்தின்கீழ், மேனியின் மினுக்கம் நீலமாகவும் நிழல் செம்பழுப்பாகவும் தெரியும். ஒரே முகத்தில் இரண்டையும் கலந்தால், எந்த நிறம் கொண்டும் அதைச் சீராக்க இயலாது.

அறிகுறி: இரவில் சரியாக இருந்தது, காலையில் வேறு படமாகிவிட்டது

மஞ்சள் ஒளி தரும் குமிழின் வெளிச்சத்தில் நீலக் கதிர் மிகக் குறைவு. அதனால் மஞ்சள் வெளிறித் தெரிய, நாம் மேலும் மஞ்சள் சேர்க்கிறோம். நீலம் இருண்டு தெரிய, அதற்கும் மேலும் நீலத்தையோ வெள்ளையையோ சேர்க்கிறோம். காலையில் இரண்டும் அளவுமீறி நிற்கின்றன. சன்னல் சிறிதாக உள்ள லயக் காம்பராவில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டு அறையில்) வேலை செய்பவர், பகலில் இஸ்தோப்பில், அதாவது முன் திண்ணையில், நிறங்களைக் கலந்து வைத்துக்கொண்டு, இரவில் உருவத்தையும் கோட்டையும் மட்டும் திருத்துவதே பாதுகாப்பானது. இயலுமானால் பகலொளி நிறமுள்ள எல்ஈடி குமிழ் ஒன்றைப் பொருத்தலாம். அதன் பெட்டியில் 5000 அல்லது 6500 கெல்வின் என்று குறித்திருக்கும்.

அறிகுறி: கலைஞர் அடிக்கவில்லை, தப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்

கைபேசிப் படத்தை அப்படியே பின்பற்றுவதால் வரும் குறை இது. படக்கருவி ஒரு கணத்தை உறையவைத்து எல்லா விளிம்பையும் ஒரே கூர்மையில் தருகிறது. தப்படிப்பவரோ முழங்காலை மடக்கி, ஒரு காலில் பாரத்தை ஊன்றி, உடலைத் தப்பின் பக்கம் சாய்த்து அடிக்கிறார். தப்பு தோளிலிருந்து வாரில் தொங்கும். இடக்கை வளையத்தின் மேல் விளிம்பில் தங்கியபடி நீண்ட மெல்லிய குச்சியைப் பிடித்திருக்கும். வலக்கை குட்டையான தடித்த குச்சியால் கீழிருந்து அடிக்கும். இந்த இரு கைகளின் வேலையும் வேறு வேறு என்பதைக் காட்டாத ஓவியத்தில் தாளம் கேட்காது.

முதலில் தப்பின் வடிவத்தைச் சரிபார்க்கவும். நமக்கு நேராகத் திரும்பியிருந்தாலன்றி அது முழு வட்டமாகத் தெரியாது. சாய்ந்த நீள்வட்டமாகத்தான் தெரியும். அந்த நீள்வட்டத்தின் சாய்வை உடலின் சாய்வுக்கு எதிராக அமைத்தால் படத்தில் இழுவிசை பிறக்கும். அடுத்து, அடிக்கும் குச்சியின் நுனியையும் அதைப் பிடித்த விரல்களில் இரண்டையாவது பின்புலத்தோடு கரைத்துவிடவும். உலர்ந்த தூரிகையால் அசையும் திசையில் ஒரே இழுப்பு போதும். எல்லா விரலையும் நகம்வரை தீட்ட வேண்டும் என்ற ஆசையை இங்கே அடக்கியாக வேண்டும். கூர்மையான விளிம்பை இடக்கைப் பிடியிலும் கலைஞரின் கண்ணிலும் மட்டும் வைத்தால், பார்ப்பவரின் கண் அவ்விரண்டுக்குமிடையே தானாகவே ஓடும்.

அறிகுறி: வாரக்கணக்காகியும் வர்ணம் காயவில்லை

எண்ணெய் வர்ணம் நீர்வர்ணம்போல் ஆவியாகிக் காய்வதில்லை. அதிலுள்ள ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஒட்சிசனை உள்வாங்கி இறுகுகிறது. அதற்கு வெம்மையும் வெளிச்சமும் காற்றோட்டமும் தேவை. 1,800 மீற்றருக்கு மேல் அமைந்த நுவரெலியாவில், சராசரி வெப்பநிலை 16 பாகை செல்சியஸை ஒட்டியே இருக்கும் இடத்தில், மழைக்காகக் கதவையும் சன்னலையும் அடைத்து வைத்தால் இம்மூன்றும் இல்லாமற்போகின்றன. ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. அதே ஜூன், ஜூலை மாதங்களில் பண்டாரவளை, பதுளைப் பக்கம் வறண்ட கச்சான் காற்று வீசும். அங்கே ஒக்டோபருக்குப் பிறகுதான் பெருமழை. ஆகவே ஒரே டியூப் வர்ணம் பண்டாரவளையும் பதுளையும் உள்ள ஊவாவில் காயும் வேகத்தை மேற்குச் சரிவில் எதிர்பார்க்க முடியாது. தடிப்பாக வர்ணம் அப்பும் பாணியில் வேலை செய்பவர், மேற்குச் சரிவில் ஜனவரி முதல் மார்ச் வரையான உலர்காலத்தைத் தெரிந்தெடுப்பது புத்திசாலித்தனம்; காமன் கூத்தும் அப்போதுதான் வருகிறது.

நிறத்துக்கு நிறமும் வேகம் மாறும். அம்பர் எனும் மண்பழுப்பு வகைகள் விரைவில் காயும். அவற்றிலுள்ள மங்கனீசு அதற்கு உதவுகிறது. கோபோல்ட் நீலமும் அப்படியே. காட்மியம் சிவப்பு, அலிசரின் எனும் கருஞ்சிவப்பு, ஐவரி கறுப்பு ஆகியவை மிக மெதுவானவை. தலைப்பாகைக்குக் காட்மியம் சிவப்பைத் தடிப்பாக அப்பிவிட்டு ஒரு வாரத்தில் அதன்மேல் வேலை செய்ய நினைத்தால் ஏமாற்றம்தான்.

காயாத ஓவியத்தைக் கூரைக்குக்கீழ் வெளிச்சமும் காற்றும் வரும் இடத்தில் சுவரோடு ஒட்டாமல் நிறுத்தி வைக்கவும். விறகடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிடவே கூடாது; மேற்பரப்பு மட்டும் இறுகிச் சுருங்கும், ஈர வர்ணத்தில் புகைக்கரி படிந்து பிறகு வரவே வராது. இருட்டில் வைத்துக் காயவிட்டால் ஆளிவிதை எண்ணெய் மஞ்சளாகும். அப்படி மஞ்சளித்துப் போனதை, காய்ந்தபின், நேர்வெயில் படாத பகலொளியில் சில வாரங்கள் வைத்தால் பெருமளவு தெளியும்.

இங்கே ஓர் எச்சரிக்கை, ஓவியத்தைவிட முக்கியமானது. ஆளிவிதை எண்ணெய் ஊறிய துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தால், அது ஒட்சிசனை உள்வாங்கும்போது எழும் வெப்பம் வெளியேற வழியின்றித் தானாகவே தீப்பற்றக்கூடும். ஒரு காம்பராவில் பிடித்த தீ வரிசை முழுவதையும் எரித்துவிடும் லயங்களில் இதை விளையாட்டாக எடுக்க இயலாது. துணியைத் தண்ணீர் நிரப்பிய, மூடியுள்ள தகரப் பேணியில் போட்டு வைக்கவும்.

அறிகுறி: சில இடங்கள் மினுங்குகின்றன, சில இடங்கள் திட்டுத் திட்டாக மங்கியுள்ளன

மங்கிய இடத்தில் எண்ணெயை அடி அடுக்கு உறிஞ்சிவிட்டது, அல்லது வர்ணத்தை டர்பன்டைனால் அளவுக்குமேல் நீர்க்கச் செய்துவிட்டீர்கள். கருநிறங்களிலும் அம்பரிலும் இது அதிகம் தெரியும். நிறம் செத்துவிட்டது என்று எண்ணி அதன்மேல் பூசினால் புதிய அடுக்கும் அதே கதியை அடையும். தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய்ந்தபின், ஓரிரு துளி ஆளிவிதை எண்ணெயைத் துணியில் தொட்டு மெல்லிதாகத் தேய்த்து, மிச்சம் இல்லாமல் துடைத்தெடுக்கவும். நிறம் உடனே மீளும். துடைக்காமல் விட்ட எண்ணெய் பின்னாளில் மஞ்சட் கறையாகும்.

அறிகுறி: மேற்பரப்பு சுருங்கியோ வெடித்தோ இருக்கிறது

சுருக்கம் என்றால் எண்ணெய் மிகை. மேலே ஆடை பிடித்து உள்ளே ஈரம் தங்கியிருக்கிறது. வெடிப்பு என்றால் மெதுவாகக் காயும் அடுக்கின்மேல் விரைவாகக் காயும் அடுக்கு ஏறியிருக்கிறது. கீழே எண்ணெய் குறைந்த மெல்லிய அடுக்கு, மேலே போகப்போக எண்ணெய் மிகுந்த அடுக்கு என்ற பழைய விதி இதற்காகவே ஏற்பட்டது. அக்ரிலிக்கின்மேல் எண்ணெய் வர்ணம் பூசலாம். எண்ணெய் வர்ணத்தின்மேல் அக்ரிலிக் பூசலாகாது. துத்தநாக வெள்ளையையும் அது கலந்த மலிவான வெள்ளைகளையும் தவிர்க்கவும். காலப்போக்கில் அவை நொறுங்கும் இயல்புடையவை. சுருங்கிய பகுதியைக் கத்தியால் வழித்துவிட்டு மீண்டும் தீட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.

அறிகுறி: வர்ணம் தகடாக உரிந்து வருகிறது

பெரும்பாலும் அடித்தளத்தின் பிழையே. ஹார்ட்வெயார் கடையில் வாங்கிய மினுங்கும் எனமல் பெயின்டை அடியில் பூசியிருந்தால், எண்ணெய் வர்ணம் பற்றிக்கொள்ள அதில் பிடிமானம் இல்லை. ஜெஸ்ஸோ எனும் வெள்ளை அடிப்பூச்சைப் பூசியும் உரிகிறதென்றால், பூசிய நாளின் குளிரைச் சந்தேகிக்கவும். அக்ரிலிக் ஜெஸ்ஸோ ஏறத்தாழ 10 பாகை செல்சியஸுக்குக் கீழே ஒழுங்காக ஒன்றிணைந்து படலமாவதில்லை. ஜனவரி இரவில் நுவரெலியாவில் பூசி அப்படியே விட்டால் மாவுபோல் உதிரும். வெயிலுள்ள முற்பகலில் பூசி, மாலைக்குள் உலரவிடுங்கள்.

அறிகுறி: கன்வஸ் தொய்ந்துவிட்டது, பின்புறத்தில் பூஞ்சணம் தெரிகிறது

மூடுபனி நாளில் தப்பின் தோல் தளர்வதைப்போலவே கன்வஸும் ஈரத்தில் தளர்கிறது. தப்பைத் தீயில் காய்ச்சி இறுக்குவார்கள். கன்வஸுக்கு அந்த வைத்தியம் ஆகாது. பின்புறம் தண்ணீர் தெளித்து இறுக்கும் வழக்கமும் வேண்டாம். இறுகியது மறுபடி தளரும், இடையில் வர்ணப்படலம் இழுபட்டு வெடிக்கும். மரச்சட்டத்தின் உள்மூலைகளில் மர ஆப்புகளை வைத்து மெதுவாகத் தட்டவும். உலர்காலம் வந்ததும் கன்வஸ் தானாக இறுகும் என்பதை நினைவிற் கொண்டு, மழையில் அளவோடு இறுக்கினால் போதும்.

பூஞ்சணத்தை ஈரத்துணியால் துடைத்தால் அது பரவும். ஓவியத்தை வெளியே கொண்டுபோய், முகக்கவசம் அணிந்து, நன்கு உலர்ந்தபின் மெல்லிய தூரிகையால் தட்டி அகற்றவும். பிறகு சுவரின் ஈரம் படாதபடி, சட்டத்தின் பின்னால் தக்கைத் துண்டுகளை ஒட்டி இடைவெளி விட்டுத் தொங்கவிடவும்.

அறிகுறி: வார்னிஷ் பூசியபின் வெண்புகை படர்ந்தது

ஈரமான நாளில் பூசியிருக்கிறீர்கள். மூடுபனி இறங்காத, வெயில் காயும் நண்பகலில், ஓவியமும் வார்னிஷும் அறையின் வெம்மைக்கு வந்தபின் மெல்லிதாகப் பூச வேண்டும். பூசுமுன் வர்ணம் உள்வரை காய்ந்திருக்க வேண்டும். அதற்கு 6 முதல் 12 மாதங்கள் ஆகும், தடித்த வர்ணத்துக்கு இன்னும் கூடுதலாகும். ஓரத்தில் சிறிதளவு வைட் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். பஞ்சில் நிறம் ஏறினால் காத்திருங்கள்.

அறிகுறி: கொழும்புக்கு அனுப்பிய ஓவியம் வெடிப்போடு போய்ச் சேர்ந்தது

பஸ்ஸிலோ ரயிலிலோ கொண்டுசெல்ல வசதியாகச் சட்டத்திலிருந்து கழற்றிச் சுருட்டும்போது, வர்ணப் பக்கம் உள்ளே போனால்தான் பாதுகாப்பு என்று தோன்றும். உண்மை நேர்மாறானது. உள்ளே போன வர்ணம் நெரிந்து, விரிக்கும்போது பிளக்கும். வர்ணம் வெளிப்பக்கம் இருக்குமாறு, இயன்றவரை அகன்ற குழாயில், இடையே மென்மையான எண்ணெய்த்தாள் வைத்துச் சுருட்டவும். குளிர்ந்த காலையில் சுருட்ட வேண்டாம். அக்ரிலிக் அடித்தளம் குளிரில் விறைத்திருக்கும். நண்பகல் வரை வெம்மையான அறையில் வைத்துவிட்டுச் சுருட்டி, போய்ச் சேர்ந்த அன்றே விரித்துவிடச் சொல்லுங்கள். தடித்து மேடாக அப்பிய ஓவியமாக இருந்தால் சுருட்டும் எண்ணத்தையே விட்டுவிட்டு, சட்டத்தோடு பலகைப் பெட்டியில் நிறுத்தி அனுப்பவும்.